சொல்லின் எல்லை எங்கே? – அறிவியலிலும் நீதிமன்றத்திலும் வாதம்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு)

வெற்றிலை காய்கறியா, இல்லையா?

சிரிக்காதீர்கள். இந்தக் கேள்வி நம் நாட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1961ல் தீர்ப்பும் வந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் அகோலா என்று ஓர் ஊர். அங்கே அப்போதிருந்த விற்பனை வரிச் சட்டத்தில் காய்கறிக்கு வரி கிடையாது. வெற்றிலை வியாபாரிகள், "எங்கள் சரக்கும் செடி கொடியில் விளைவதுதானே? எங்களுக்கும் வரி கூடாது" என்று வழக்குப் போட்டார்கள். அகராதியைப் புரட்டினால் அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் நீதிபதிகள், சட்டத்தில் வரும் இந்தச் சொல்லுக்குத் தாவரவியல் அர்த்தம் பார்க்கக் கூடாது, ஜனங்கள் எந்த அர்த்தத்தில் பேசுகிறார்களோ அதையே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மார்க்கெட்டுக்குப் போய் "காய்கறி வாங்கிட்டு வா" என்றால் யாரும் வெற்றிலைக் கவுளி வாங்கி வர மாட்டார்கள் இல்லையா? வரி கட்டு என்று ஆகிவிட்டது.

இதற்கு 68 ஆண்டுகளுக்கு முன்பே, 1893ல், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தக்காளிக்கு இதே கதை நடந்திருக்கிறது. 1883ல் வந்த சுங்கச் சட்டப்படி அங்கே இறக்குமதி ஆகும் காய்கறிக்கு 10 சதவீத வரி. பழத்துக்கு வரி இல்லை. தக்காளி இறக்குமதி செய்த வியாபாரி நிக்ஸ் என்பவர், "தக்காளி பழம்தான்" என்றார். கோர்ட்டில் அகராதிகளை வாசித்துக் காட்டினார்கள். காய்கறி வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்ட இரண்டு பேரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். நீதிபதி கிரே எழுதிய தீர்ப்பின் சாரம் இது: தாவரவியல்படி தக்காளி பழம்தான், வெள்ளரிக்காயும் பட்டாணியும்கூட அப்படித்தான். ஆனால் மக்கள் வழக்கில் அது சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறும் பொருள். கடைசியில் பழம் சாப்பிடுகிறோமே, அந்த மாதிரி யாரும் அதைத் தனியே வைத்துச் சாப்பிடுவதில்லை. ஆகவே அது காய்கறி.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தாவரவியல் வாத்தியார் சொல்வது சரியா, சமையல் செய்கிற அம்மா சொல்வது சரியா? தக்காளியைப் பற்றித் தெரியாத விஷயம் எதுவும் அந்தக் கோர்ட்டில் யாருக்கும் இல்லை. அதன் நிறம், விதை, எடை, ருசி எல்லாவற்றிலும் இரண்டு தரப்புக்கும் ஒரே கருத்து. ஆனாலும் சண்டை நடந்தது. அப்படியென்றால் சண்டை பொருளைப் பற்றியது இல்லை, சொல்லைப் பற்றியது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு ஆராய்கிற படிப்புக்குத்தான் மொழித் தத்துவம் என்று பெயர். 'தத்துவமா? அது சாமியார்கள் சமாச்சாரமாச்சே' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் பெரிய பெயர் எடுத்தவர் நம்ம டிபார்ட்மெண்ட் ஆள்!

இயந்திரவியல் படித்த தத்துவ ஞானி

லுட்விக் விட்கென்ஸ்டைன் 1889ல் வியன்னாவில் பிறந்தவர். 1906ல் பெர்லினில் இயந்திரவியல் படிக்கச் சேர்ந்தார். 1908ல் இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் போய் விமானவியல் ஆராய்ச்சி செய்தார். 1911ல் விமான புரொப்பெல்லர் ஒன்றுக்குக் காப்புரிமையும் வாங்கினார். பிறகுதான் கணக்கின் அடிப்படை என்ன, மொழியின் அடிப்படை என்ன என்று தத்துவத்தின் பக்கம் திரும்பினார்.

முதல் உலகப் போர் நடந்த 1914ல் அவர் தம் குறிப்பேட்டில் ஒரு விஷயத்தைக் குறித்து வைத்திருக்கிறார். பாரிஸ் நகர நீதிமன்றத்தில் ஒரு மோட்டார் விபத்து வழக்கை விளக்கப் பொம்மைகளை வைத்து விபத்தை அப்படியே காட்டினார்கள் என்பதுதான் அது. பொம்மை மனிதன் நிஜ மனிதனுக்குப் பதில், பொம்மை வண்டி நிஜ வண்டிக்குப் பதில். அதேபோல, வாக்கியமும் உலகத்தின் ஒரு மாடல்தான் என்று அவர் நினைத்தார். நாம் டிராயிங் ஹாலில் போடுகிற வரைபடம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பிற்காலத்தில் அவரே இது போதாது என்று கண்டார். அவர் 1951ல் காலமான பிறகு, 1953ல் வெளிவந்த புத்தகத்தின் தொடக்கத்திலேயே ஒரு கட்டட வேலைக் காட்சி வருகிறது. கொத்தனார் ஒரு பொருளின் பெயரைச் சொல்கிறார், கையாள் அதைக் கொண்டுவந்து தருகிறார். நம்ம ஊரில் கொத்தனார் "கல்லு!" என்று குரல் கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். "இது கல்" என்று அவர் வர்ணனை செய்யவில்லை, வேலை வாங்குகிறார். அதே சொல்லை மளிகைக் கடையில் அரிசி புடைக்கும்போது சொன்னால் குறை சொல்வதாக ஆகிவிடும். ஆகவே ஒரு சொல்லின் அர்த்தம் தெரிய வேண்டுமானால் அதை வைத்து என்ன வேலை நடக்கிறது என்று பார், என்பது அவர் காட்டிய வழி. தக்காளியும் அப்படித்தான். விதை எங்கே உண்டாகிறது என்று ஆராய்கிறவருக்கு 'பழம்' ஒரு கருவி. வரி வசூல் செய்கிறவருக்கு அது வேறு கருவி. ஸ்பேனரை வைத்து ஆணி அடிக்கவில்லையே என்று ஸ்பேனரைக் குறை சொல்ல முடியுமா?

கிலோகிராமின் எடை என்ன?

'சட்டத்தில்தான் இந்த வார்த்தைச் சண்டை, அறிவியலில் எல்லாம் அளந்து முடிவு செய்துவிடலாமே' என்று தோன்றும். மெட்ராலஜி படித்த நமக்குத் தெரிந்த ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம்.

பாரிஸுக்கு அருகில் செவ்ரே என்ற ஊரில் ஓர் உலோக உருளை இருக்கிறது. 90 சதவீதம் பிளாட்டினம், 10 சதவீதம் இரிடியம். உயரமும் விட்டமும் சுமார் 39 மில்லிமீட்டர். 1889ல் இதைத்தான் உலகத்தின் கிலோகிராம் என்று ஏற்றுக்கொண்டார்கள். இதன் நகல்களைப் பல நாடுகளுக்கும் கொடுத்தார்கள். நம் நாட்டுக்கு வந்தது 57ஆம் எண் நகல். அது புதுடில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்குரியது.

நூறு ஆண்டுகள் கழித்து மூல உருளையையும் நகல்களையும் ஒப்பிட்டு நிறுத்தபோது, பல நகல்களுக்கும் மூலத்துக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் அளவுக்கு வித்தியாசம் தெரிந்தது. இப்போது கேள்வி: நகல்கள் கனத்துவிட்டனவா, மூலம் இளைத்துவிட்டதா? எந்தத் தராசை வைத்தும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் அன்றைய விதிப்படி மூல உருளை எப்போதும் சரியாக 1 கிலோகிராம். அது இளைத்தாலும் 1 கிலோகிராம்தான்! பாரிஸில் இருந்த மீட்டர் கம்பியைப் பற்றி விட்கென்ஸ்டைன் இதைத்தான் சொன்னார். அந்த ஒரு பொருளைப் பற்றி மட்டும் 'ஒரு மீட்டர் நீளம்' என்றும் சொல்ல முடியாது, 'இல்லை' என்றும் சொல்ல முடியாது. அளக்கிற கோலை அதே கோலால் அளந்து பார்க்க முடியுமா?

இதிலிருந்து நமக்குக் கிடைப்பது ஒரு பெரிய பாடம். 'இந்த இரும்புக் குண்டு 1 கிலோ' என்பது செய்தி. அது தப்பாகவும் இருக்கலாம், நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். 'செவ்ரே உருளை 1 கிலோ' என்பது அந்தக் காலத்தில் விதி. இரண்டு வாக்கியமும் கேட்க ஒரே மாதிரி இருக்கும். செய்தியைச் சோதனை செய்யலாம். விதியைச் சோதனை செய்ய முடியாது, மாற்றத்தான் முடியும். அப்படித்தான் 2018 நவம்பர் 16ல் வெர்சாய் நகரில் கூடிய மாநாட்டில் நாடுகள் ஓட்டுப் போட்டு விதியை மாற்றின. 2019 மே 20 முதல் கிலோகிராம் என்பது பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. இன்றைக்கு அந்த உருளையை நிறுத்துப் பார்த்து 'எடை குறைந்துவிட்டது' என்று தைரியமாகச் சொல்லலாம்.

வாதத்துக்கு ஓர் என்ஜினீயரிங் டிராயிங்

சரி, செய்தியும் விதியும் ஒன்றோடு ஒன்று எப்படிச் சேர்ந்து வாதம் ஆகின்றன? இதற்குப் படம் போட்டுக் கொடுத்தவர் ஸ்டீபன் டூல்மின் (1922–2009). கேம்பிரிட்ஜில் கணிதமும் இயற்பியலும் படித்து, இரண்டாம் உலகப் போரில் ரேடார் வேலை பார்த்து, பிறகு விட்கென்ஸ்டைனின் வகுப்பில் உட்கார்ந்தவர். வாதம் என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் கணக்குப் புத்தகத்தை விட நீதிமன்றத்தைப் பார்ப்பது நல்லது என்பது அவர் கட்சி. 1958ல் வந்த அவர் புத்தகத்தில் ஒரு வாதத்தை ஆறு பாகமாகக் கழற்றிக் காட்டுகிறார். நம் லேபிலிருந்தே உதாரணம் சொல்கிறேன்.

1. கோரிக்கை: இந்தக் கம்பி மைல்டு ஸ்டீல் இல்லை.
2. சான்று: இழுவிசைச் சோதனையில் ஈல்டு பாயிண்ட் தெளிவாகத் தெரியவில்லை. முள் எங்கும் தயங்கி நிற்கவில்லை.
3. பாலம்: மைல்டு ஸ்டீல் என்றால் ஈல்டு பாயிண்ட் தெளிவாகத் தெரியும். சான்றிலிருந்து கோரிக்கைக்கு இதன் மேல் நடந்துதான் போகிறோம்.
4. பாலத்தைத் தாங்கும் தூண்: இதுவரை செய்த எத்தனையோ சோதனைகள்.
5. அளவுச் சொல்: 'நிச்சயமாக' இல்லை, 'பெரும்பாலும்'.
6. விலக்கு: கம்பியைக் குளிர் நிலையில் இழுத்துத் தயாரித்திருந்தால் அது மைல்டு ஸ்டீலாகவே இருந்தாலும் ஈல்டு பாயிண்ட் தெளிவாகத் தெரியாது.

நாம் ரெக்கார்டு நோட்டில் பெரும்பாலும் முதல் இரண்டைத்தான் எழுதுகிறோம். ஆனால் வைவாவில் வெளித் தேர்வாளர் "ஏம்ப்பா, எதை வச்சு அப்படிச் சொல்றே?" என்று கேட்கும்போது அவர் கேட்பது மூன்றாவது பாகத்தை. எந்த வாதத்திலும் பாலம் பெரும்பாலும் வெளியே சொல்லப்படுவதில்லை. சொல்லாமல் விட்டதால் அதை யாரும் சோதிப்பதும் இல்லை. ஏமாற்றுகிற வாதங்களில் ஓட்டை அந்த இடத்தில்தான் இருக்கும்.

பூங்காவுக்குள் வண்டி வரலாமா?

சட்டத்தில் பாலமாக நிற்பது விதி. விதி சொற்களால் ஆனது. அதில்தான் சிக்கல். ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ஹார்ட் 1958ல் ஒரு சின்ன உதாரணம் சொன்னார். 'பூங்காவுக்குள் வண்டி வரக் கூடாது' என்று ஒரு விதி. கார் வரக் கூடாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சைக்கிள்? சக்கரக் காலணி? குழந்தையின் பொம்மைக் கார்? ஒரு சொல்லுக்கு நடுவில் வெளிச்சமான பகுதி உண்டு, ஓரத்தில் நிழல் பகுதி உண்டு என்றார் ஹார்ட். நிழல் பகுதிக்கு வந்தால் நீதிபதிதான் யோசித்து முடிவு செய்ய வேண்டும். உடனே அமெரிக்காவின் ஃபுல்லர் எதிர்க் கேள்வி போட்டார். போரில் ஓடிய ராணுவ லாரி ஒன்றை நினைவுச் சின்னமாகப் பூங்காவில் பீடம் கட்டி நிறுத்தினால்? லாரி என்பது வெளிச்சப் பகுதிதானே, ஆனாலும் விதி அதைத் தடுக்குமா? விதி எதற்காக வந்தது என்று கேட்காமல் சொல்லை மட்டும் பார்த்தால் போதாது என்பது ஃபுல்லரின் வாதம்.

எங்கள் வீட்டு வழக்கு

இதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று நினைக்காமல் இருக்க ஒன்று சொல்கிறேன். என் அப்பா ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கிற வேலை பார்த்தார். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். அந்நேரத்துக்கு ஏது பஸ்? சைக்கிளில்தான் போவார். நான் எட்டாவது படித்த வருஷம், அப்படிப் போகும்போது ஒரு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. வலது கால் முறிந்து நான்கு மாதம் வீட்டில் கிடந்தார். அம்மா ஆலைக்குப் போய்க் கேட்டதற்கு, "கேட்டுக்கு வெளியில நடந்ததும்மா, இது வேலையில பட்ட அடி இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா, "அவங்க சொல்றதும் ஞாயம்தானே. ரோட்டுலதானே விழுந்தேன்" என்றார். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்கள். அத்தோடு பேச்சு முடிந்துவிட்டது.

இப்போது டூல்மின் படத்தை வைத்துப் பாருங்கள். 'ரோட்டில் விழுந்தார்' என்பது செய்தி. அதில் சண்டையே இல்லை. 'வேலை என்பது கேட்டோடு முடிகிறது' என்பது பாலம். அது செய்தி கிடையாது, 'வேலை' என்ற சொல்லின் எல்லை எங்கே என்பது பற்றிய ஒரு கட்சி. அதை யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே ஜெயித்துவிட்டது.

1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த சொற்கள் ஏறத்தாழ இவை: வேலையிலிருந்து எழுந்து, வேலையின் போக்கில் நேர்ந்த விபத்து. இந்தச் சில சொற்களுக்கு எல்லை தேடியே உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகள் எழுதியிருக்கிறது. அதில் மூன்று:

1958ல் சௌராஷ்டிர உப்பளத் தொழிலாளர் வழக்கு. வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பியவர்கள் ஏறிய படகு கழியில் கவிழ்ந்தது. வேலையின் எல்லை வாசலுக்கு வெளியேயும் கொஞ்சம் நீளலாம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் பொது ஜனங்கள் போகிற படகுத்துறை வரைக்கும் நீளாது என்று இழப்பீட்டை மறுத்தது.

1963ல் பம்பாய் பஸ் டிரைவர் வழக்கு. டியூட்டி முடிந்து தம் நிறுவனத்தின் பஸ்ஸிலேயே வீட்டுக்குப் போனவர் விபத்தில் இறந்தார். டிரைவர்கள் அப்படிப் போய் வருவது பஸ் சர்வீஸ் ஒழுங்காக நடப்பதற்கே தேவை, ஆகவே அதுவும் வேலையின் போக்குதான் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது.

2025 ஜூலை 29ல் மகாராஷ்டிரத்துச் சர்க்கரை ஆலைக் காவலாளி வழக்கு. 2003ல், விடியற்காலை மூன்று மணி டியூட்டிக்கு மோட்டார் சைக்கிளில் போனவர் வழியில் இறந்துவிட்டார். தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டத்தில், வீட்டிலிருந்து வேலைக்குப் போய் வரும் வழியில் நேரும் விபத்தும் சேரும் என்று 2010லேயே தெளிவாகச் சேர்த்திருந்தார்கள். இரண்டு சட்டமும் தொழிலாளியின் பாதுகாப்புக்கே வந்தவை, இரண்டிலும் இருப்பது ஒரே சொற்கள், ஆகவே ஒரே பொருள்தான் கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். 22 ஆண்டு கழித்து அந்தக் குடும்பத்துக்கு நியாயம் கிடைத்தது. (2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இப்போது இந்த இரண்டு சட்டங்களின் இடத்தில் இருக்கிறது.)

நான் சட்டம் படிக்கிறவன் இல்லை. எங்கள் அப்பா வழக்குப் போட்டிருந்தால் ஜெயித்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கேள்வி கேட்டிலேயே முடிந்துபோன கேள்வி இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அப்படியானால் சொல்லை இஷ்டத்துக்கு இழுக்கலாமா?

இதை ஒரு நண்பன் என்னிடம் கேட்டான். நல்ல கேள்வி. இழுக்க முடியாது. 2025 தீர்ப்பும் ரோட்டில் நடக்கிற எல்லா விபத்துக்கும் முதலாளிதான் பொறுப்பு என்று சொல்லவில்லை. விபத்தின் சூழ்நிலை, நேரம், இடம் இவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. வேலைக்குப் போகிற வழியை விட்டு சினிமாவுக்குப் போனவருக்கு அந்தத் தொடர்பைக் காட்டுவது கஷ்டம். கிலோகிராமிலும் அப்படியே. விதியை மாற்றினாலும், கடைக்காரரின் எடைக்கல் பழையபடியே செல்லும்படி பிளாங்க் மாறிலியின் மதிப்பைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். சொல்லின் எல்லையை மாற்றுகிறவர் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும், பழைய வழக்கோடும் ஒத்துப்போக வேண்டும். அறிவியலுக்கும் சட்டத்துக்கும் இது பொது.

ஆகவே நண்பர்களே, எந்த வாதத்தைக் கேட்டாலும் மூன்று கேள்வி கேட்டுப் பழகுங்கள்.

முதலாவது: சண்டை பொருளைப் பற்றியதா, சொல்லைப் பற்றியதா?
இரண்டாவது: சொல்லைப் பற்றியது என்றால், அந்தச் சொல் இங்கே என்ன வேலைக்காக வைக்கப்பட்டது?
மூன்றாவது: சான்றுக்கும் முடிவுக்கும் நடுவே சொல்லாமல் விட்ட பாலம் எது? அதைத் தாங்க என்ன இருக்கிறது?

இது நமக்கு உடனே தேவைப்படும். பட்டயம் வாங்கியதும் நம்மில் பலர் அப்ரண்டிஸாகத்தான் கம்பெனிக்குள் கால் வைக்கப் போகிறோம். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவு, நாம் பயிற்சி பெறுகிறவர்கள், தொழிலாளர்கள் அல்ல என்கிறது. அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு, பயிற்சியிலிருந்து எழுந்து, பயிற்சியின் போக்கில் நேரும் விபத்துக்கு நமக்கு இழப்பீடு உண்டு என்கிறது. "நீ வொர்க்கர் இல்லப்பா" என்று ஒருவர் சொன்னால் அது 18ஆம் பிரிவுப்படி சரி. "அதனால உனக்கு எதுவும் கிடையாது" என்று தொடர்ந்தால், அந்தப் பாலம் 16ஆம் பிரிவில் உடைகிறது. இரண்டு பிரிவையும் ஒரு தாளில் எழுதி டூல் பாக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.